மகளுக்குச் சொல் வராத மாதங்கள்

என் மகளுக்கு அப்போது பதினான்கு வயது. ஒன்பதாம் வகுப்பு. திருவனந்தபுரத்தில் ஆரியசாலைக்குப் பின்னால், எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் ஒன்று பின்வாங்கித்தான் ஆகவேண்டிய ஒரு சந்தில், மாடி வீட்டில் குடியிருந்தோம். இப்போதும் அங்கேதான். கணவருக்குப் பருப்பு மொத்தக்கடையில் கணக்கு வேலை. எனக்கு ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் ஊசி குத்துகிற வேலை. அவர் நாகர்கோவில் பக்கம், நான் திருநெல்வேலி. மகள் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கே. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், புத்தகத்தில் ஆங்கிலம் என்று மூன்றையும் கலந்துகட்டிப் பேசுவாள். சின்ன வயதில் அவளுக்கு வாய் ஓயாது. "இந்தக் கொச்சுப்பிள்ளைக்கு வாய் வலிக்காதா?" என்று கீழ்வீட்டுச் சேச்சி சிரிப்பார்.

அந்த வாய் எப்போது ஓய்ந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அது ஓய்ந்தபோது நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. ஏனென்றால் அந்தச் சமயத்தில்தான் அவள் முன்பைவிட நன்றாகப் பேசுகிறாள், நன்றாக எழுதுகிறாள் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வகுப்புக் குழுவில் பாடம் அனுப்புகிறார்கள் என்பதற்காக அவளுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்திருந்தோம். அதில் கேள்வி கேட்டால் பதில் எழுதித் தரும் ஏ.ஐ. ஒன்று இருந்தது. முதலில் ஒரு கட்டுரைக்காகக் கேட்டாள். ஆற்றைச் சுத்தமாக வைப்பது பற்றி. டீச்சர் அதை வகுப்பில் வாசித்துக் காட்டினாராம். அப்புறம் ஒரு பேச்சுப் போட்டி. பரிசுக் கோப்பையோடு வந்தவளைப் பார்த்து நான் தெருவரைக்கும் இறங்கிப்போய்க் கட்டிக்கொண்டேன். "எங்கடி கத்துக்கிட்ட இப்படிப் பேச?" என்று கேட்டதற்கு, "அது சொல்லித் தந்துச்சும்மா" என்றாள். வீட்டில் அதற்குப் பெயரே 'அது' என்றாகிவிட்டது.

கணவரின் பிறந்தநாளுக்கு அவள் போனில் ஒரு வாழ்த்து அனுப்பினாள். 'தங்களின் வியர்வைத் துளிகள் எங்கள் வாழ்வின் விதைகள்' என்று போகும் அது. அவர் கடையில் மூட்டைகளுக்கு நடுவே நின்று வாசித்துக் கண் கலங்கிவிட்டார். ஊரில் இருக்கிற தம்பிக்கு, மச்சானுக்கு, எல்லாருக்கும் அனுப்பினார். எனக்கும் பெருமைதான். ஆனால் சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது அந்த 'தங்களின்' மட்டும் தொண்டையில் முள் மாதிரி நின்றது. எங்கள் வீட்டில் யாரும் யாரையும் தங்கள் என்று சொன்னதில்லை. அவள் அப்பாவை 'நீ' என்றுதான் கூப்பிடுவாள். முந்தின வருஷம் வரை அட்டையில் கோணலாக ஒரு மீசை வரைந்து, 'அப்பா, மீசையை எடுக்காதே' என்று எழுதிக் கொடுத்தவள்.

இப்படிச் சின்னச் சின்னதாக வந்துகொண்டிருந்தது. சாலை என்கிற எங்கள் கடைத்தெருவில் துணி எடுக்கப் போனால் இரண்டு சுரிதாரையும் படம் எடுத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்குவாள். "உனக்கு எது பிடிச்சிருக்கு?" என்று கேட்டால், "அதைத்தானே கேட்டுக்கிட்டிருக்கேன்" என்பாள். என் அக்கா ஊரிலிருந்து, 'எப்படிடி இருக்கே, பெரியம்மாவை மறந்துட்டியா?' என்று செய்தி அனுப்பினால், அதற்கும் அதனிடம் கேட்டுத்தான் பதில் போடுவாள். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"பெரியம்மாகிட்ட பேச எதுக்குடி அது? நீயே எழுதேன்."

"நான் எழுதினா நல்லா இருக்காதும்மா."

அவள் அதை வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. வெளியே மழை என்று சொல்வது போலச் சொன்னாள். நான் அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டேன்.

அவளுக்கு ஒரே ஒரு நெருங்கிய சிநேகிதி. ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். போனக்காடு எஸ்டேட்டில் தேயிலை பறிக்கிற தமிழ்க் குடும்பத்துப் பெண். அப்பாவும் அம்மாவும் மலையிலே, வரிசை வீடுகளான லயத்தில். இவள் மட்டும் படிப்புக்காக நகரத்தில் அத்தை வீட்டில் தங்கியிருந்தாள். வகுப்பில் தமிழ் பேசுகிறவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான் என்பதால் ஒட்டிக்கொண்டார்கள். சனிக்கிழமை எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. என்னை ஆண்டி என்று கூப்பிடும், தட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் எழுந்திருக்கும். அந்தப் பிள்ளையின் அம்மா எப்போதாவது மலையிலிருந்து இறங்கி வந்தால் எனக்குக் காந்தாரி மிளகாய் கொண்டுவருவார். கையெல்லாம் தேயிலைக் கறை படிந்து, வெட்கத்தோடு சிரிப்பார்.

மழைக்காலம் பிடித்துக்கொண்ட நேரம். ஒரு காலையில் அத்தைக்காரி போன் செய்தார். அந்த அம்மா இறந்துவிட்டார். காய்ச்சல் என்று படுத்திருக்கிறார், மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவர வண்டி கிடைப்பதற்குள் முடிந்துவிட்டது.

மகளிடம் நான்தான் சொன்னேன். பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். வாயில் நுரை. அழுவாள் என்று கையை நீட்டினேன். அவள் முகம் கழுவிக்கொண்டு போய்ப் போனை எடுத்தாள்.

லேபில் லீவு சொல்லிவிட்டு அவளை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். வித்துரா வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து போனக்காட்டுக்கு இன்னொன்று. வழி முழுக்க அவள் குனிந்தபடி தட்டிக்கொண்டே இருந்தாள். வித்துராவில் பஸ் மாறும்போது எட்டிப் பார்த்தேன். அம்மாவை இழந்த தோழியிடம் என்ன பேசவேண்டும் என்று கேட்டிருந்தாள். பதில் நீளமாக இருந்தது. அவள் உதட்டை அசைத்து மனப்பாடம் செய்வது போல வாசித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போது கோபம் வரவில்லை. சின்னப் பிள்ளை, முதல் சாவு, பயந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

மேலே ஏற ஏற மழை. பூட்டிக்கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலையைத் தாண்டி இறங்கி நடந்தோம். லயத்துக்கு முன்னால் நீலத் தார்ப்பாய் கட்டி அதன் கீழே கிடத்தியிருந்தார்கள். பெண்கள் சுற்றிலும் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். தலைமாட்டில் அந்தப் பிள்ளை. எங்களைப் பார்த்ததும் பாதி எழுந்தது. என்னை அல்ல, என் மகளைப் பார்த்துத்தான் எழுந்தது. இரண்டு கையும் முன்னால் நீண்டிருந்தன.

என் மகள் நின்றுவிட்டாள். போனைப் பார்த்தாள், அந்தப் பிள்ளையைப் பார்த்தாள். "ஒரு நிமிஷம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

பஸ்ஸில் வளைந்து வளைந்து வந்ததில் வாந்தி வருகிறது போல என்று நினைத்தேன். நான் போய் அந்தப் பிள்ளையைக் கட்டிக்கொண்டேன். அது என் தோளில் முகத்தை வைத்தபடியே கேட்டது.

"அவ எங்க ஆண்டி போறா?"

திரும்பிப் பார்த்தேன். லயத்துக்குப் பின்னால், பராமரிப்பில்லாமல் ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்ட தேயிலைச் சரிவில் என் மகள் ஏறிக்கொண்டிருந்தாள். மழையில் நனைந்தபடி கையை உயரத் தூக்கிப் போனைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கம் நாலடி, அந்தப் பக்கம் நாலடி என்று அலைந்தாள். சாவு வீட்டில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள்.

ஓடினேன். செருப்பு சேற்றில் வழுக்கியது. "என்னடி பண்ணுத இங்க?"

"ரேஞ்ச் இல்லம்மா. வித்துராவுல இருந்துச்சு, இங்க ஓப்பன் ஆக மாட்டேங்குது."

"எது?"

"சொல்ல வேண்டியது. நல்லா எழுதியிருந்துச்சும்மா. எனக்கு முழுசா ஞாபகம் வரல."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம் மோளே. போய் அவ பக்கத்துல உக்காரு. அது போதும்."

"என்ன சொல்லணும்னு தெரியாம எப்படிம்மா போறது? தப்பா சொல்லிட்டா?"

பிடிவாதம் பிடிக்கிற பிள்ளையின் முகமில்லை அது. உதடு வெளுத்திருந்தது. கையைப் பிடித்தேன், விலக்கிக்கொண்டு மறுபடி போனைத் தூக்கினாள். காலில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. கணுக்காலில் அட்டை ஒன்று குடித்துப் பெருத்துத் தொங்கியது. அவளுக்கு அது தெரியவே இல்லை. கண் மட்டும் போனின் மூலையில் அந்தக் கோடுகள் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. நான் எத்தனையோ பிள்ளைகளின் கையில் ஊசி குத்தியிருக்கிறேன். பயந்த கண்ணைப் பார்த்தால் எனக்குத் தெரியும். என் மகள் பயந்திருந்தாள். தனியாக ஒரு வார்த்தை பேசுவதற்குப் பயந்திருந்தாள். அந்தச் சரிவில் நின்றுதான் எனக்கு உறைத்தது, இது பழக்கம் இல்லை, விளையாட்டு இல்லை என்று.

இழுத்துக்கொண்டு இறங்கினேன். அதற்குள் தூக்குகிற நேரம் வந்துவிட்டது. அழுகை ஓங்கியது, ஆண்கள் தூக்கிக்கொண்டு வளைவில் திரும்பினார்கள். அந்தப் பிள்ளை முற்றத்து ஓரம்வரை ஓடி நின்றது. திரும்பியபோது என் மகளை ஒரு தடவை பார்த்தது. பிறகு உள்ளே போய்விட்டது. நாங்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

இறங்கி வித்துரா வந்ததும் போன் டிங் டிங் என்று சத்தம் போட்டு உயிர் பிடித்தது. மகள் அவசரமாகத் திறந்து என் பக்கம் நீட்டினாள். "பாரும்மா, இதுதான் நான் சொல்ல நெனச்சது."

வாசித்தேன். நன்றாகத்தான் இருந்தது. வாசித்தால் யாருக்கும் கண் நிறையும். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. "அனுப்பாதே" என்று நான் சொல்வதற்குள் அவள் அனுப்பிவிட்டாள்.

அடுத்த வாரம் அந்தப் பிள்ளை மலையிலிருந்து இறங்கியபோது அதைப் பார்த்திருக்கவேண்டும். பதில் வந்தது: 'இதை யாரு எழுதினது?' ஒரே வரி. நான் லேபிலிருந்து வந்தபோது மகள் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். போனைக் காட்டினாள். அந்தக் கேள்விக்கும் அவள் அதனிடமே பதில் கேட்டு வாங்கி, அப்படியே அனுப்பியிருந்தாள். 'உன் வலியை நான் முழுமையாகப் புரிந்துகொள்கிறேன்' என்று தொடங்கியது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. அந்தப் பிள்ளை இவளை பிளாக் செய்துவிட்டது.

"நான் என்னம்மா தப்பு செஞ்சேன்?" என்று கேட்டாள். அது நிஜமான கேள்வி. அவளுக்குத் தெரியவில்லை.

அன்றைக்கே கணவர் போனைப் பிடுங்கிவிட்டார். "எல்லாம் இதனால வந்த வினை. கொஞ்ச நாள் இல்லாம இருந்தா தானா சரியாயிரும்" என்றார். நானும் ஒத்துக்கொண்டேன். போனை என் லேப் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

தானாகச் சரியாகவில்லை. அவள் கத்துவாள், சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்திருந்தோம். அவள் சும்மா இருந்தாள். கேட்டதற்கு 'ம்', 'தெரியல', பரவாயில்லை என்பதற்கு 'சாரமில்ல'. தோசையா இட்லியா என்றால்கூட என் முகத்தையே பார்ப்பாள், நான் எதைச் சொல்ல விரும்புகிறேன் என்று தேடுகிற மாதிரி. அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் நானே எதையாவது வைத்துவிடுவேன்.

அரைப் பரீட்சை வந்தது. ஒரு மத்தியானம் வகுப்பு டீச்சர் போன் செய்து, உடனே வரமுடியுமா என்று கேட்டார். லேப் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஆட்டோ பிடித்துப் போனேன். டீச்சர் விடைத்தாளை என் முன்னால் வைத்தார். மறக்க முடியாத ஒரு நாளைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். மகள் மலையாளத்தில் 'அந்த நாள்' என்று எழுதி அடித்திருந்தாள். கீழே மறுபடி எழுதி, மறுபடி அடித்து, பக்கம் முழுக்க அதுதான். மற்ற கேள்விகளுக்கு எண் மட்டும் அழகாகப் போட்டு எதிரே வெற்றிடம்.

"தூங்கவில்லை, வெளியே பார்க்கவில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு முழு நேரமும் உட்கார்ந்திருந்தாள்" என்று டீச்சர் மலையாளத்தில் சொன்னார். "வீட்டுப்பாடம் எல்லாப் பிள்ளைகளும் இப்போது அப்படித்தான் எழுதுகிறார்கள், எங்களுக்கும் தெரியும். ஆனால் இது அதுபோல இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது."

வராந்தாவில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். மகள் தூணோரமாக நின்றாள். கேட்டேன்.

"ஏன் மோளே எழுதல? உனக்குத் தெரிஞ்சதை எழுதியிருக்கலாமே."

"முதல் வரி வரும். அது நல்லதா கெட்டதான்னு தெரியல. உடனே அடிச்சிருவேன்."

"நல்லா இல்லேன்னா என்ன? மனசுல தோணுனதை எழுதவேண்டியதுதானே?"

அவள் தூணின் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினாள். அப்புறம் சொன்னாள். "எனக்கு என்ன தோணுதுன்னே எனக்குத் தெரியலம்மா. முன்னாடி தெரியும்."

அந்த 'முன்னாடி தெரியும்' இருக்கிறதே, அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கிட்டத்தட்டப் பைத்தியம் பிடித்ததுபோல் அலைந்த நாட்கள் அவை. கீழ்வீட்டுச் சேச்சி தயங்கித் தயங்கி வந்து, "மோள் என் போனை அடிக்கடி கேக்குது, பாடம் பார்க்கன்னு. குடுக்கலாமா?" என்று கேட்டார். கொடுக்க வேண்டாம் என்று சொல்லும்போது எனக்கு அவமானமாக இருந்தது, ஏதோ குடிகாரனைப் பற்றிச் சொல்வது போல. பள்ளி விட்டு அப்பாவின் கடைக்குப் போய் உட்காருவாள். பாசம் என்று அவர் நினைத்தார். ஒருநாள் அவர் எடை போட உள்ளே போன நேரத்தில் மூட்டைமேல் இருந்த அவர் போனை எடுத்திருக்கிறாள். திரும்பி வந்து பார்த்தால் அதே ஏ.ஐ. திறந்திருக்கிறது, பாதிக் கேள்வி நிற்கிறது: 'அப்பா என்மேல் கோபமாக இருக்கிறார். நான் இப்போது அழலாமா'.

அவர் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தார். "அழறதுக்குமா, ஏ, அழறதுக்குமா கேக்கணும்?" என்றார். அந்த மனுஷன் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அழுதார். மகள் உள்ளறை வாசலில் நின்று பார்த்தாள். என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒன்றைச் சொல்லவேண்டும். லேபில் ஆள் வராத ஒரு பிற்பகலில் என் போனில் அதையே திறந்தேன். என் மகள் எல்லாவற்றுக்கும் ஏ.ஐ.யை நம்பியிருக்கிறாள், பேச்சே போய்விட்டது, நான் என்ன செய்ய என்று தமிழில் தட்டினேன். சட்டென்று பதில் வந்தது. நான் தனியாக இல்லை என்றது. என் கவலை ஒரு நல்ல தாயின் கவலை என்றது. வாசிக்க வாசிக்க என் தோள் தளர்ந்தது, மூச்சு சீரானது. வீட்டில் யாரும் இந்த மாதங்களில் என்னிடம் அவ்வளவு இதமாகப் பேசியிருக்கவில்லை. இன்னொரு கேள்வி கேட்போம் என்று விரல் போனபோது தூக்கிவாரிப் போட்டது. மகள் எங்கே போய்ச் சாய்ந்தாள் என்று அந்த நிமிஷம் என் உடம்புக்கே புரிந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, டெஸ்ட் குழாய்களைத் திரும்பத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தேன். இவ்வளவு சுகமாக ஒன்று கையில் இருக்கும்போது, கத்துகிற அப்பாவையும் களைத்துப்போய் வருகிற அம்மாவையும் அவள் ஏன் தேடி வரப்போகிறாள்?

ஆஸ்பத்திரியில் ஒரு கவுன்சிலரிடம் கூட்டிப்போனோம். இளம்பெண். மகளோடு தனியாகப் பேசிவிட்டு எங்களைக் கூப்பிட்டார். அவள் சோம்பேறி இல்லை, தப்பாகிவிடுமோ என்கிற பயம்தான் அவளைக் கட்டிப்போட்டிருக்கிறது என்றார். போனை ஒரேயடியாகப் பிடுங்கியது அவள் ஊன்றியிருந்த கோலைப் பிடுங்கிய மாதிரி ஆகிவிட்டது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். அவள் எதைச் சொன்னாலும் உடனே திருத்தாதீர்கள். நாள் பிடிக்கும். எவ்வளவு நாள் என்று கணவர் கேட்டார். "எனக்குத் தெரியாது" என்றார் அந்தப் பெண். அந்தத் தெரியாது எனக்கு என்னமோ நம்பிக்கை தந்தது. பஸ் ஸ்டாப் வருவதற்குள் அது போய்விட்டது.

அப்புறம் ஒருநாள் மகள் வீடு திரும்பவில்லை.

பள்ளி விட்டு வரவேண்டிய நேரம் தாண்டி, கடையிலும் இல்லை என்று ஆனது. டீச்சருக்குப் போன் செய்தால், காலையிலேயே வகுப்புக்கு வரவில்லை என்கிறார். கணவர் கடையை அப்படியே போட்டுவிட்டு சாலைக் கடைத்தெருவில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினார். நான் கிழக்கேக்கோட்டை பஸ் நிற்கிற இடத்தில் ஒவ்வொரு யூனிபாரத்தையும் முகத்தைப் பிடித்துத் திருப்பாத குறையாகப் பார்த்தேன். ஒரு கண்டக்டர், "எந்தா சேச்சி, ஆரெயாணு நோக்குன்னது?" என்று, யாரைத் தேடுகிறேன் எனக் கேட்க, பதில் சொல்ல வாய் திறந்தேன். சத்தம் வரவில்லை. கெட்டதையெல்லாம் மனசு வரிசையாகக் காட்டியது. போனைப் பிடுங்காமல் இருந்திருந்தால் அதிலே கூப்பிட்டாவது பார்த்திருக்கலாமே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அப்போது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. அந்தச் சிநேகிதியின் அப்பா. மனைவி போன பிறகு அவர் மலையைவிட்டு இறங்கி வித்துராவில் ஒரு ஹோட்டலில் சமையல்கட்டு வேலைக்குச் சேர்ந்திருந்தார். மகளையும் அங்கேயே பள்ளியில் மாற்றிவிட்டார். அது வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

"அக்கா, பதறாதீங்க. உங்க பிள்ளை இங்கதான் இருக்கு. ஸ்கூல் வாசல்ல காலையிலேர்ந்து நின்னுக்கிட்டிருந்துச்சாம்."

நாங்கள் போய்ச் சேரும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. ஹோட்டலுக்கு எதிரே கடைத் திண்டில் இரண்டு பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இன்னொரு ஆள் உட்காருகிற இடம். என் மகளின் கண் வீங்கியிருந்தது. அவளைப் பார்த்ததும் அடிக்கத்தான் கை ஓங்கினேன். கை அவள் தலைமேல் போய் நின்றது, முடி எல்லாம் புழுதி.

அந்தப் பிள்ளைதான் பேசியது. முன்பைவிட உயர்ந்திருந்தது. முகத்தில் அம்மாவிடமிருந்து வந்த வெட்கச் சிரிப்பு இப்போது இல்லை.

"ஒண்ணும் பேச மாட்டேங்கறா ஆண்டி. வந்து நிக்கறா, அழறா. நான் என்ன பண்ண?"

"மன்னிச்சிரு மோளே. அவளுக்கு..." என்று ஆரம்பித்தேன். அது என்னை முடிக்கவிடவில்லை.

"எனக்கு அவ அன்னைக்கு வேணும் ஆண்டி. அன்னைக்கு எனக்கு யாருமே இல்ல. எங்க அம்மா கெடக்கறா, இவ போனைத் தூக்கிக்கிட்டு மேல ஏறறா. ரேஞ்ச் தேடறா. அதுக்கப்புறம் அனுப்பினா பாருங்க ஒரு மெசேஜ், எங்க அம்மா பேருகூட அதுல இல்ல."

என் மகள் வாயைத் திறந்தாள், மூடினாள். மறுபடி திறந்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ தடவை அவளுக்கு வார்த்தை எடுத்துக் கொடுத்த பழக்கம், நாக்கு நுனிவரை வந்தது.

"உங்க அம்மா," என்றாள் மகள். நின்றாள். "உங்க அம்மா என் முடியைத் தொட்டுப் பாப்பாங்க. வந்தா. எப்பவும். அது எனக்கு..." அவ்வளவுதான். அதற்கு மேல் வரவில்லை.

இரண்டு பேரும் கட்டிக்கொள்வார்கள் என்று நான் ஏங்கினேன். அந்தப் பிள்ளை எழுந்து நின்றது. கண்ணைத் துடைத்தது. "சரி, நீ போ. பஸ் போயிரும்" என்றது. கோபமாகச் சொல்லவில்லை. அவளுடைய அப்பா வந்து எங்களுக்கு டீ கொடுத்தார். நாங்கள் குடித்துவிட்டு வந்தோம்.

பஸ்ஸில் மகள் என் மடியில் தலை வைத்துப் படுத்தாள், பெரிய பிள்ளை, கால் எல்லாம் வெளியே நீட்டிக்கொண்டு. "பேசவே வரலம்மா" என்றாள். "வந்துச்சே, கொஞ்சம்" என்றேன். "அது போதலையே" என்றாள். போதும் என்று பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதுகைத் தடவிக்கொண்டே வந்தேன்.

அந்த வருஷம் அவள் பாஸ் ஆனாள், தட்டுத் தடுமாறி. டீச்சர்கள் இரக்கம் காட்டியிருக்கலாம். போன் இப்போது வீட்டில் கூடத்து அலமாரியில் இருக்கிறது, எங்கள் கண் முன்னால் எடுத்துப் பார்த்துவிட்டு வைக்கவேண்டும் என்பது ஏற்பாடு. கட்டுரைகளைத் தானே எழுதுகிறாள். மோசமாக இருக்கும், வரிக்கு வரி பிழை. டீச்சர் சிவப்பில் சுழித்து அனுப்புவார். திருத்தாமல் நான் வாசிப்பேன். நல்ல வரி ஒன்று எங்காவது இருந்தால் எனக்குச் சந்தோஷம் வருவதற்கு முன்னால் சந்தேகம் வருகிறது. எங்கிருந்து எடுத்தாள் என்று மனம் முதலில் அங்கேதான் ஓடுகிறது. ஒரு தாய்க்கு இதைவிடக் கேவலமான புத்தி வேண்டுமா என்று என்னையே திட்டிக்கொள்வேன். கவுன்சிலரிடம் சொன்னபோது, "அதுவும் போக நாள் ஆகும்" என்றார்.

சிநேகிதி பிளாக்கை எடுத்துவிட்டது. எப்போதாவது பேசுகிறார்கள் போலிருக்கிறது. சனிக்கிழமைச் சாப்பாடு திரும்ப வரவில்லை.

போன மாதம் ஒரு சண்டை. பள்ளிச் சுற்றுலாவுக்கு அவளைக் கேட்காமலே நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மகள் கொதித்துவிட்டாள். பாதி மலையாளம், பாதி தமிழ், நடுநடுவே விக்கல். "நீ எப்பவும் இப்படித்தான், ஒண்ணும் கேக்க மாட்டே, எனிக்கு எந்தா வேணும்னு நீ ஒரு தடவை, ஒரு தடவையாவது, நீ ஒரு... நீ ஒரு மகா கஷ்டம்மா!" என்று கத்தினாள். வாக்கியம் ஒன்றுகூட முழுசாக இல்லை. கீழ்வீட்டுச் சேச்சி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். கணவர் அவளை அதட்ட எழுந்தார். நான் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். கையில் கரண்டியோடு நின்று அவள் திட்டுவதை முழுக்கக் கேட்டேன். இன்னும் கொஞ்சம் திட்டமாட்டாளா என்று இருந்தது.

மறுநாள் காலையில் பழையபடி 'ம்', 'தெரியல'. தட்டில் வைத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போனாள். சந்து முனை திரும்பும்வரை மேலே இருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். லேபுக்கு நேரமாகிவிட்டது.